ஏலக்காட்டில் விழுந்த கேப்

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஆனால் கேப் என்கிற சொல் காதில் விழாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. நான் அதைச் சொல்வது குறைவு. எதையுமே நான் குறைவாகத்தான் சொல்வேன்.

விடிகிற நேரத்தில் ராசிங்காபுரத்தில் ஜீப் வந்து நிற்கும். உள்ளே ஏற்கெனவே ஆள் நிரம்பியிருக்கும். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அந்தா ஆத்தாவுக்கும் அக்காவுக்கும் நடுவுல கேப்பு கெடக்குல்ல, ஒடுங்கி உக்காருங்க" என்பார். அங்கே கேப் ஒன்றும் இருக்காது. அவர் சொன்ன பிறகுதான் உண்டாகும். ஒரு தொடை உட்காரும். மற்றது அந்தரத்தில் நிற்கும்.

போடி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. முன்னால் லாரி நகரும். "கேப்பு குடுக்க மாட்டேங்கிறான் பாரு" என்று டிரைவர் ஆரனை அழுத்துவார். லாரி ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் ஜீப் நுழையும். ஒரு பக்கம் லாரி டயர். மறு பக்கம் ஒன்றும் இல்லை. மேலே ஒரு வளைவில் ரோட்டோரச் சுவர் உடைந்து கிடக்கிறது. எந்த வண்டி உடைத்தது, அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசுவதில்லை. அந்தக் கேப் வரும்போது ஜீப்பில் சத்தம் அடங்கும். தாண்டியதும் யாராவது இருமுவார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

என் பக்கத்தில் மதினி உட்கார்ந்திருப்பாள். என் அண்ணன் பெண்டாட்டி. அவள் வாய் ஓயாது. "இவ வாயத் தெறக்கறதுக்குள்ள போடிமெட்டு வந்துரும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள். "தூக்குவாளிக்கு மூடி போட்ட மாதிரி இவளுக்கும் ஒண்ணப் போட்டு அனுப்பிருச்சு எங்க மாமியாரு." ஜீப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

என் வீட்டுக்காரர் சிரிக்க மாட்டார். அவருக்குக் காது கேட்காது.

பிறவியில் வந்தது இல்லை. அவர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். முன்பெல்லாம் முதுகில் மாட்டுகிற மிஷின்தான். காதுக்குப் பின்னாலேயே நாள் முழுக்கக் கத்தும். வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளே கத்துகிறது என்பார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். கடைசியில் தேனிக்குக் கூட்டிப் போய்க் காட்டியபோது டாக்டரம்மா, "இவ்வளவு கேப் விட்டு வந்திருக்கீங்களேம்மா" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். இடத்துக்குத்தான் கேப் என்று இருந்தேன். காலத்துக்கும் உண்டு, அதை ஒடுங்கி உட்கார்ந்து அடைக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கினோம். வேர்வையில் கெட்டுப்போகும் என்று மலைக்குப் போட்டு வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவார். மற்ற நாளில் என் முகத்தைப் பார்ப்பார். நான் கையைக் காட்டினால், கண்ணைக் காட்டினால், ஒரு நிமிசம் அப்படியே நிற்பார். பிறகுதான் விளங்கிக்கொண்டு தலையாட்டுவார். நடுவில் விழுகிற அந்தக் கேப்பில் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை.

எங்கள் தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில் இருக்கிறது. ஏலச்செடி ஆளை விட உயரம். உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த நிரையில் நிற்கிற ஆள் தெரியாது. குரல்தான் தெரியும். அது ஆனை நடமாடுகிற காடு. அதனால் காய் எடுக்கிற பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். புருசனை, மாமியாரை, டிவியில் பார்த்ததை, எதையாவது பேசுவார்கள். ஒரு குரல் நின்றால் பக்கத்து நிரையிலிருந்து, "ஏய், இருக்கியாடீ?" என்று கேட்பார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. அவ்வப்போது செருமுவேன். நான் இருக்கிறேன் என்று மதினி அதை வைத்துத் தெரிந்துகொள்வாள்.

அவரை அப்படிக் கூப்பிட முடியாது. இப்போது மருந்தடிக்கிறவருக்கு ஓடையோரத்தில் மருந்துப் பேரலும் மோட்டாரும் நிற்கும். அங்கிருந்து நீளமான ஓஸ் குழாய் செடிகளுக்குள் ஏறிப்போகும். அதன் நுனியில் மருந்து பீய்ச்சுகிற கன்னைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் நான் கீழே நின்று ஓஸைச் சுண்டி இழுப்பேன். மேலே அவர் கையில் கன் அசையும். சோற்றுக்குக் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஓஸில் எங்காவது முறுக்கு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே அதன் வழியாக இறங்கி வருவார். கடைசிச் செடிக்கு வந்ததும் தலையைத் தூக்கி என்னைத் தேடுவார். தோட்டத்தில் இதை எல்லோரும் கேலி செய்வார்கள். "மாட்ட அவுத்து ஓட்டிட்டு வர்ற மாதிரில்ல வர்றாரு" என்பாள் மதினி.

மோட்டார் நின்றுபோனாலும் அவர் இதே மாதிரிதான் வருவார். தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வது? கீழே வந்து பார்க்க வேண்டியதுதான்.

போன கோடை கொடுமையான கோடை. சரிவின் நடுவில் ஏலச்செடிகள் தூரோடு காய்ந்து போயின. காய்ந்ததைப் பிடுங்கி எறிந்ததும் காட்டுக்கு நடுவே பெரிய வெட்டவெளியாகிவிட்டது. கங்காணி அதைக் கேப் என்றார். மழை தொடங்கியதும் அங்கே புதுத் தட்டை நட வேண்டும். தட்டை என்றால் ஏலத்தண்டு, தூரிலிருந்து பிரித்தெடுத்தால் அதுவே நாற்று. "இன்னிக்கு கேப்பு அடைக்கிற சோலி" என்று சொல்லிப் பெண்களை இறக்கினார். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. செடிக்குள் இருக்கும்போது பயம் சுற்றி இருக்கும். வெட்டவெளியில் முதுகுக்குப் பின்னால் மட்டும் இருக்கும். அது இன்னும் மோசம்.

அன்றைக்கு மழை கொஞ்சம் கேப் விட்டிருந்தது. மழைக்கு நடுவே செடிக்கு நீலத் துருசு மருந்து அடித்துவிட வேண்டும். அவர் கேப்புக்கு மேலே இருக்கிற செடிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார். கூட ஓஸ் இழுக்கிற ஆள் ஊரில் ஒரு சாவு என்று வரவில்லை. அவரே இழுத்து அவரே அடித்தார். நாங்கள் கேப்பின் கீழ்முனையில் குழி எடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஓடை. அங்கே மோட்டார் ஓடியது.

முதலில் பார்த்தவள் மதினி. அவள் பேச்சு பாதியில் நின்றது. அவள் பேச்சு பாதியில் நின்று நான் பார்த்ததே இல்லை. அதனால் நிமிர்ந்தேன்.

கேப்பின் நடுவில் ஆனை நின்றது. ஒற்றை ஆனை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை. மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்கு முளைத்த புல்லைக் காலால் சீவிச் சீவி எடுத்து வாயில் வைத்தது. மேலே போகிற ஓஸ் அதன் முன்னங்காலை ஒட்டிக் கிடந்தது.

மண்வெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடையோரத்துக்குப் பின்வாங்கினோம். கங்காணி பேரலுக்குப் பின்னால் நின்றார். அவர் போடிக்காரர்தான், மலையிலேயே இருந்து இருந்து பேச்சில் மலையாளம் ஏறியவர். "ஆரும் மிண்டாதீங்க" என்றார், பேசாதீங்க என்பதற்கு. சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

அது மலை வழக்கம். ஆனை வந்தால் சத்தத்தை நிறுத்த வேண்டும். அசையாமல் நிற்க வேண்டும். அதுவாகப் போய்விடும். கங்காணி செய்ததில் தப்பில்லை. ஆனால் மோட்டார் நின்றதும் நான் மேலே பார்த்தேன். மேலே தண்ணீர் நின்றிருக்கும். அவர் இறங்கி வருவார். குனிந்தபடி, ஓஸைப் பார்த்தபடி, அந்தக் காலை நோக்கி வருவார்.

"மோட்டார போடுங்க" என்றேன்.

"நினக்கென்ன கிறுக்கா? சத்தங் கேட்டா நம்ம மேல வந்துரும்."

"அவரு வருவாரு."

கங்காணிக்கு உடனே விளங்கவில்லை. மதினிக்கு விளங்கிவிட்டது. "எய்யா, எங்கண்ணனுக்குக் காது கேக்காதுய்யா" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். "தண்ணி நின்னா கீழ வந்துருவாருய்யா."

"கூவி விளிக்கலாமே" என்று வாயெடுத்த கங்காணி, காது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மேலே, கேப் முடிகிற இடத்தில் செடி அசைந்தது. அசைவு கீழ்நோக்கி வந்தது.

நான் மோட்டாரிடம் போனேன். காலையில் அவர் ஸ்டார்ட் செய்வதைத் தினமும் பார்க்கிறேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். உறுமிவிட்டு அடங்கியது. ஆனை மெல்வதை நிறுத்தியது. மறுபடி இழுத்தேன். கை வழுக்கியது. மதினி வந்து என் கைமேல் கையை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். ஓடியது. மற்றப் பெண்கள் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கங்காணி போகவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

ஆனை காதை விரித்து எங்களைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை. மேலே செடியைப் பார்த்தேன். அசைவு நின்றது. தண்ணீர் அவர் கைக்குப் போயிருக்கும். சரி, ஓடுகிறது, நாம் அடிப்போம் என்று திரும்பியிருப்பார். செடி மேல்நோக்கி அசைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அவர் மேலே இழுத்ததில் ஓஸ் விறைத்து ஆனையின் காலில் இடித்தது. அது காலை எடுத்தது. குனிந்து தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு ஓஸைச் சுற்றிப் பிடித்து ஓர் இழு இழுத்தது.

நான் தினமும் இழுக்கிறது அதே ஓஸைத்தான்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. காது கேட்காதவர் குரல் எப்போதும் உரக்கத்தான் இருக்கும். "இந்தா வர்றேன் புள்ள! அதுக்குள்ள என்ன அவசரம்?"

மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனை குரல் வந்த பக்கம் திரும்பியது. ஓஸை விடவில்லை. இன்னொரு தடவை இழுத்தது. "அட, வர்றேன்கிறேன்ல!" என்றார். செடி மறுபடி கீழ்நோக்கி அசைந்தது. வேகமாக அசைந்தது. என் பேச்சுக்கு இத்தனை வெரசாக அவர் என்றைக்கும் வந்ததில்லை.

கங்காணி கம்பியை எடுத்துப் பேரலில் அடித்தார். மதினியும் தூக்குவாளியால் அடித்தாள். ஆனை ஓஸைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் முழுதாகத் திரும்பியது. நான் ஓடவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை. ஓடினால் அவர் தேடும்போது நான் இருக்க மாட்டேன்.

கடைசிச் செடியை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். முகத்தில் கட்டிய துண்டு நீலம் பாரித்திருந்தது. குனிந்திருந்தார். எப்போதும் போலத் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது நின்றது. அதன் முதுகு அவர் பக்கம். அவர் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். நடுவில் நின்ற ஆனையைப் பார்க்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். நான் கையை விரித்துக் காட்டினேன். நில் என்று.

அவர் விளங்கிக்கொள்ள எடுக்கிற அந்தக் கேப் விழுந்தது. அதே சின்னப் பிள்ளை முகம். எனக்குப் பார்க்கப் பிடிக்கிற முகம். அன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கையை மட்டும் இறக்காமல் வைத்திருந்தேன்.

பிறகு அவர் கண் என் முகத்தை விட்டு நகர்ந்தது. பார்த்துவிட்டார். கன் கீழே விழுந்தது. தண்ணீர் கண்டபடி பீய்ச்சியது. அவர் பின்னால் நகர்ந்தார். செடி மூடிக்கொண்டது.

ஆனை அந்தச் சத்தத்துக்குத் திரும்பி மேலே ஏறியது. அவர் நின்ற இடத்தில் நின்றது. பிறகு செடிக்குள் நுழைந்தது. மோட்டார் சத்தத்தையும் மீறித் தட்டைகள் முறிகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. மேலே கேட்டது போல இருந்தது. இடப்பக்கம் கேட்டது போல இருந்தது. பிறகு கேட்கவில்லை.

வெகுநேரம் நின்றோம். தூரத்தில், காட்டுப் பக்கம் மரக்கிளை ஒன்று முறிந்து சாய்வது தெரிந்தது. "போயி" என்றார் கங்காணி, போய்விட்டது என்று. மோட்டாரை நிறுத்தினார்.

உடனே எல்லோரும் கூப்பிடத் தொடங்கினார்கள். "அண்ணே! அண்ணே!" என்று மதினி கத்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களும் கத்தினார்கள். "மாமா! மாமோய்!"

"யாரக் கூப்புடுறீங்க?" என்றேன்.

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மதினி அழுதாள்.

அவர் உயிரோடு இருந்தால் எங்காவது ஒளிந்திருப்பார். ஆனை போய்விட்டது என்று அவருக்கு யார் சொல்வது? செடி அசைந்தால் ஆனை என்று நினைப்பார். பயந்து ஓடினால் காட்டுப் பக்கம்தான் ஓடுவார். அது போன பக்கமும் அதுதான். "நீங்க யாரும் வராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓஸ் வழியாக ஏறினேன்.

கேப்பைத் தாண்டுவது பெரிய பாடாக இருந்தது. ஒதுங்க ஒரு செடி இல்லை. மேல்முனையில் கன் கிடந்தது. அவர் செருப்பு ஒன்று சேற்றுக்குள் அழுந்திக் கிடந்தது. அதன் மேல் ஆனைக் காலின் தடம். தடத்தில் மருந்துத் தண்ணீர் தேங்கி நீலமாக இருந்தது. நான் அதைத் தாண்டினேன். செருப்பை எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்து என்ன எடுக்க வேண்டியிருக்குமோ என்று இருந்தது.

செடிக்குள் ஒவ்வொரு தட்டையாக, அசையாமல் விலக்கிப் போனேன். கூப்பிடுவதற்கு வழி இல்லை. செருமக்கூட முடியாது. செருமினாலும் யாருக்குக் கேட்கும்? நான் பேசாதவள் என்று ஊரே சொல்லும். பேசினாலும் பிரயோசனம் இல்லாத இடத்தில் நிற்பது வேறு என்று அப்போது தெரிந்தது.

நிழலுக்கு விட்டிருந்த பலாமரத்தின் தூரில் இருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்துண்டை வாயில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உடம்பில் ரத்தம் இல்லை. கை கால் எல்லாம் பார்த்தேன். சரியாக இருந்தது. மூச்சு ஏறி இறங்கியது.

தொடலாம் என்று கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். தொட்டால் பயத்திலேயே செத்துவிடுவார். இரண்டு தூருக்கு நடுவில் ஆள் உட்காருகிற அளவு கேப் இருந்தது. அங்கே அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவராகக் கண்ணைத் திறக்கட்டும் என்று இருந்தேன். அட்டை காலில் ஏறியது. எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். போய்விட்டது என்று கையைக் காட்டினேன். அந்தக் கேப். பிறகு துண்டை வாயிலிருந்து எடுத்து, மலைக்கே கேட்கிற மாதிரி, "போயிருச்சா?" என்றார். அவர் வாயைப் பொத்தினேன்.

கையை எடுத்ததும், "நீ இழுக்கிறேன்னுதான் வந்தேன்" என்றார்.

தலையாட்டினேன்.

"உன்ன வைஞ்சுக்கிட்டே வந்தேன்."

"கேட்டுச்சு" என்றேன்.

கீழே வந்ததும் மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, "ஏண்ணே, பொண்டாட்டி இழுப்புக்கும் ஆனை இழுப்புக்கும் வித்தியாசமா தெரியல?" என்று கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்து, விளங்கிக்கொண்டு, "ரெண்டும் ஒரே இழுப்புத்தான் தாயீ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் அதைப் பேசவில்லை. வீட்டில் அவர் தூங்கினார். நான் தூங்கவில்லை. நாளைக்கு மறுபடி மருந்தடிக்க வேண்டும். சோற்றுக்குக் கூப்பிட வேண்டும். ஓஸைப் பிடித்து இழுக்க என் கை இனி வராது. இழுத்தால் அவருக்கும் குலை நடுங்கும்.

மறுநாள் சாவுக்குப் போயிருந்த ஆள் வந்துவிட்டார். கங்காணி அவரிடம் ஓஸைக் கொடுக்கப் போனார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

"இது ஆம்பளையாளு சோலி" என்றார் கங்காணி. "கனக்கும்."

ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. அந்த ஆள், "அப்ப நான் பொம்பளைகளோட தட்டை நடப் போறேன், சேலை ஒண்ணு குடுங்க" என்று மதினியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மோட்டாரை ஸ்டார்ட் செய்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். எதற்கு என்று கையால் கேட்டார். முன்னால் போகச் சொன்னேன்.

அன்றிலிருந்து நான்தான் ஓஸ் இழுக்கிறேன். அவர் முன்னால் அடித்துக்கொண்டு போவார். நான் பின்னால் போவேன். அவர் செடியைப் பார்ப்பார். நான் செடியைப் பார்ப்பதில்லை. செடிக்கும் செடிக்கும் நடுவில் பார்க்கிறேன். பயம் போகவில்லை. மோட்டார் ஓடுகிறபோது எனக்கும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் ஒரு கையை எப்போதும் அவர் முதுகுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறேன்.